ரெண்டு செம்புக் கம்பி, அறுபது நொடி

2003 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை. சுதந்திர தினத்தோடு சனி, ஞாயிறும் சேர்ந்து மூன்று நாள் லீவு. மன்னார்குடியில் அக்கா வீட்டுக்கு இன்டர்நெட் போட்டுக் கொடுக்க முதல் நாள் ராத்திரியே பஸ் ஏறிவிட்டேன். அத்தான் மஸ்கட்டில் வேலை பார்த்தார். வாரம் ஒருமுறை போன் செய்வார். அத்தை, அக்கா, பெரியவள், சின்னவன் என்று ரிசீவர் கைமாறி முடிவதற்குள் அவருடைய கார்டில் காசு தீர்ந்துவிடும். அவர் கேம்ப்பில் மெயில் பார்க்கும் வசதி அப்போதுதான் வந்திருந்தது. "பேசக்கூட வேணாம்டா, தினம் ரெண்டு வரி எழுதிக்கிட்டா போதும்" என்றாள் அக்கா.

அந்த நாட்களில் குறித்து வைத்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். வீட்டுக்கு நெட் போடுவதில் பாதி வேலை கம்பியில் இருக்கிறது. மீதிப் பாதி, வாசல் கதவைச் சாத்துவதில் இருக்கிறது. கம்பி வேலையை ஒழுங்காகச் செய்தேன். கதவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்த வரிசை தப்பு என்று அன்று ராத்திரியே தெரிந்தது.

வீட்டில் இருந்தது உள்ளூரில் அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். செலரான், 128 எம்பி ராம், விண்டோஸ் எக்ஸ்பி, உள்ளேயே, போன் கம்பி வழியாக நெட்டில் இணைக்கும் 56கே மோடம். நான் வாங்கிப் போனவை: 50 மணி நேர நெட் பேக் ஒன்று, போன் வயர் 15 மீட்டர், ஆர்ஜே-11 பிளக் நாலு, போன் கம்பி வந்து சேரும் சுவர்ப் பெட்டியான ரோசெட் புதிதாக ஒன்று, மல்டிமீட்டர், ஸ்க்ரூடிரைவர், ஒரு துண்டு உப்புத்தாள்.

முதலில் கம்பி

போன் ஹாலில், கம்ப்யூட்டர் பின்கட்டு அறையில். ஹாலிலிருந்து வயர் இழுத்து மோடத்தின் லைன் துளையில் சொருகி, ஹால் போனை அப்படியே பாரலலாக விட்டுவிட்டு ஒரு டயல் போட்டுப் பார்த்தேன். 'டயல் டோன் இல்லை' என்று எக்ஸ்பி 680-ஆம் எண் பிழையைக் காட்டியது. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் டயல் டோன் இருக்கிறது, கூடவே கரகர என்று அடுப்பில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம். "அது எப்பவும் அப்படித்தான் தம்பி, மழை பேஞ்சா இன்னும் கூடும்" என்றார் அத்தை. பேச்சுக்கு அந்தச் சத்தம் ஒரு பொருட்டில்லை, நம் மூளை அதை ஒதுக்கிவிட்டுப் பேச்சை மட்டும் எடுத்துக்கொள்ளும். மோடம் அப்படி இல்லை. அதற்குக் கேட்பதெல்லாம் தகவல்தான்.

ரோசெட் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். உள்ளே எறும்புகள் மண் கொண்டுவந்து கூடு கட்டியிருந்தன. தூரிகையால் தட்டியதும் இரண்டு திருகுகள் தெரிந்தன, திருகைச் சுற்றிய செம்புக் கம்பி செம்பு நிறத்தில் இல்லை. பித்தளைக் குத்துவிளக்கைப் பல மாதம் துலக்காமல் வைத்தால் வருமே, அந்தப் பச்சைக் களிம்பு. களிம்பு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. கம்பி அசையும்போதும் காற்றில் ஈரம் ஏறும்போதும் தொடுப்பு விட்டு விட்டு வரும். அத்தை சொன்ன மழைக்கணக்கு இதுதான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். போன் சும்மா இருக்கும்போது அந்த இரண்டு கம்பிக்கும் நடுவே சுமார் 48 வோல்ட் டிசி இருக்கும். காய்ந்த கைக்கு அது தெரியாது. ஆனால் மணி அடிக்கும்போது எக்ஸ்சேஞ்ச் அதற்கு மேல் 75 வோல்ட் அளவுக்கு ஏசி அனுப்பும். நான் இரண்டு கம்பியையும் விரலில் பிடித்துச் சுரண்டிக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ போன் செய்துவிட்டார்கள். முழங்கை வரைக்கும் உதறியது. அன்றிலிருந்து, வயரைத் தொடும் முன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுவேன். லைன் எங்கேஜ்டு ஆகிவிடும், மணிக்கான மின்சாரம் வராது. பிறகு இடி மின்னல் நேரத்தில் இந்த வேலையையே தொடக் கூடாது. நம் டெல்டாப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் போன் கம்பி வழியாக மின்னல் இறங்கி மோடம் கருகிய வீடுகள் நிறைய உண்டு. மழை இருட்டினால் மோடத்திலிருந்து வயரைப் பிடுங்கிவிட வேண்டும் என்று சின்னவனுக்கு அப்போதே பழக்கிவிட்டேன்.

களிம்பு ஏறிய நுனியை ஓர் அங்குலம் வெட்டி எறிந்தேன். கறுப்பு உறையை உரித்து, உள்ளே வந்த புதுக் கம்பியை உப்புத்தாளால் இழுத்துத் தேய்த்துப் புது ரோசெட்டில் திருகினேன். வாசல் கூரையோரத்தில் துணி சுற்றிய ஒரு பழைய ஒட்டு இருந்தது, அதையும் பிரித்துச் சுத்தம் செய்து முறுக்கி டேப் ஒட்டினேன். மீட்டரில் சும்மா இருக்கையில் 49 வோல்ட், ரிசீவரை எடுத்தால் 8 வோல்ட். கடுகு பொரிவது நின்றுவிட்டது.

ஹால் போனுக்கும் ஒரு ஏற்பாடு தேவைப்பட்டது. பாரலலில் இருக்கும்போது யாராவது ரிசீவரை எடுத்தால் நெட் அறுந்துவிடும், எடுத்தவர் காதில் கீச்சென்று அலறும். அத்தைக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. அதனால் ஹாலில் ஒரு சின்ன ஸ்விட்ச் போட்டு, மேலே தள்ளினால் போன், கீழே தள்ளினால் கம்ப்யூட்டர் என்று பிரித்துவிட்டேன். லைனில் கால் வெயிட்டிங் வசதி இருந்தது. நடுவில் வரும் அந்த 'பீப்' ஒன்றே இணைப்பை அறுக்கப் போதும், அதையும் எடுக்கச் சொன்னேன்.

680 பிழை மட்டும் போகவில்லை. காதுக்கு டயல் டோன் கேட்கிறது, மோடத்துக்குக் கேட்கவில்லை. மோடம் தான் எதிர்பார்க்கிற டோன் வராமல் எண்ணைச் சுழற்றாது. நம் எக்ஸ்சேஞ்ச் டோனும் அது எதிர்பார்ப்பதும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. மோடத்தின் அமைப்புகளில் 'டயல் டோனுக்காகக் காத்திரு' என்ற டிக்கை எடுத்துவிட்டால் சரி. அதையே கட்டளையாகக் கொடுப்பதென்றால் ஏடிஎக்ஸ்3. இந்த ஒரு டிக்குக்காகக் கடைக்குத் தூக்கிப்போன கம்ப்யூட்டர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு வேகம் வந்தது? களிம்போடு இருந்தபோது இந்த டிக்கை எடுத்து ஒருமுறை மட்டும் சோதித்துவிட்டு, திரும்பப் போட்டுவைத்திருந்தேன்: நொடிக்கு 26,400 பிட். சுத்தம் செய்தபின் 45,333. 56கே என்பது பெட்டியில் அச்சடித்த எண். எக்ஸ்சேஞ்சிலிருந்து நெட் கம்பெனி வரைக்கும் எல்லாம் டிஜிட்டலாகப் போய், வீட்டுக்கு வரும் கடைசிக் கம்பி மட்டும் அனலாகாக இருந்தால்தான் அதன் பக்கத்திலாவது போக முடியும். நடுவில் ஒரு ஜோடிக் கம்பியைப் பல வீட்டுக்குப் பகிரும் கருவி இருந்தால் 33,600-ஐத் தாண்டாது. நாம் அனுப்பும் பக்கம் எப்படியும் 33,600தான். 45,333 என்றால் நடைமுறையில் நொடிக்கு நாலரை கேபி, ஓர் எம்பிக்கு நாலு நிமிடம். இந்தக் கணக்கு பின்னால் தேவைப்படும்.

முதல் ராத்திரி

ராத்திரி எட்டு மணி. சாப்பிட்டுவிட்டு எல்லோரும் பின்கட்டில் கூடினோம். 172-ல் தொடங்கும் அந்த எண்ணைப் போட்டு டயல் அழுத்தினேன். மோடம் ஸ்பீக்கரில் முதலில் ஊம் என்று டோன். பிறகு எண்கள் வரிசையாகக் கிணுகிணுவென்று விழும். இரண்டு முறை மணி அடிக்கும். அந்தப் பக்கம் எடுத்ததும் நீளமாக ஒரு விசில், அதற்கு இந்தப் பக்கம் ஒரு பதில், பிறகு இரண்டும் சேர்ந்து தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி ஓர் இரைச்சல், சட்டென்று அமைதி. சின்னவன் வாயைப் பிளந்து நின்றான். மறுநாள் முழுக்க வீட்டுக்குள் அந்தச் சத்தத்தையே போட்டுக்கொண்டு திரிந்தான்.

1995-ல் இதே ஆகஸ்ட் 15 அன்றுதான் அப்போதைய அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. சென்னை, மும்பை மாதிரிப் பெருநகரங்களில் தொடங்கியது, சரியாக எட்டு வருடத்தில் ராஜகோபாலசாமி கோயில் ஊரின் பின்கட்டுக்கு வந்துவிட்டது என்று பெரியவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்காவின் முதல் மெயிலை அவளே தங்கிலீஷில் தட்டினாள். அதை அனுப்பி முடித்து, மதுரைத் திட்டத்தின் பக்கத்தைத் திறந்தோம். 1998 பொங்கலில் தொடங்கி, தன்னார்வலர்களே தட்டச்சு செய்து பழந்தமிழ் நூல்களை வலையில் ஏற்றிவந்த திட்டம் அது. வெறும் எழுத்துக் கோப்புகள் என்பதால் டயல்-அப்பிலும் மளமளவென்று இறங்கும். ஒன்றை இறக்கிக்கொண்டிருக்கும்போதே பெரியவள் கத்தினாள்.

"மாமா, கம்ப்யூட்டர் தானா ஆஃப் ஆகப்போவுதாம்!"

திரை நடுவில் ஒரு சின்ன ஜன்னல். ரிமோட் புரொசீஜர் கால் என்ற சேவை எதிர்பாராமல் நின்றுவிட்டதால் விண்டோஸ் மறுபடி தொடங்க வேண்டும், எல்லாவற்றையும் சேமித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, அறுபதிலிருந்து கீழே எண்ணிக்கொண்டிருந்தது. மூடுவதற்குப் பொத்தான் கிடையாது. 59, 58, 57. சைபர் ஆனதும் அணைந்து மறுபடி எழுந்தது. திரும்ப டயல் செய்தோம். ஏழே நிமிடம், மறுபடி அதே ஜன்னல். மூன்றாவது முறை நாலு நிமிடம். கரண்ட் கோளாறா, ராம் கோளாறா என்று எனக்கு ஓடியது. ஆனால் நெட்டில் இல்லாதபோது அரை மணி நேரம் ஓடவிட்டாலும் ஒன்றும் ஆகவில்லை. நோட்டில் அந்த ஒரு வரிக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டிருக்கிறேன்.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த ஒரு நண்பனுக்கு எஸ்டிடி போட்டேன். நான் பாதி சொல்வதற்குள் அவன் முடித்துவிட்டான். "அறுபது செகண்ட் ஓடுதா? பிளாஸ்டர். திங்கட்கிழமைலேர்ந்து எங்க ஆபீஸ்ல இதே வேலைதான். மொதல்ல லைனைப் பிடுங்கு."

அவன் சொன்னதையும் பிறகு படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன். ஆகஸ்ட் 11 அன்று பரவத் தொடங்கிய புழு அது, யாரும் திறக்காமலேயே கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவும் வகை. விண்டோஸ் 2000, எக்ஸ்பி இரண்டிலும் இருந்த ஓர் ஓட்டை வழியாக வந்தது. ஓட்டையை அடைக்கும் பேட்ச் ஜூலை 16 அன்றே, கிட்டத்தட்ட நாலு வாரம் முன்னாலேயே வெளிவந்துவிட்டது. அக்கா வீட்டுக் கம்ப்யூட்டர் அதுவரை நெட்டைத் தொட்டதே இல்லை, பேட்ச் எப்படி வந்திருக்கும்?

நாங்கள் எந்தத் தப்பான பக்கத்துக்கும் போகவில்லை. எதையும் கிளிக் செய்யவில்லை. எந்த மெயிலையும் திறக்கவில்லை. இதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. அதுவரை வைரஸ் என்றால் யாராவது கொடுத்த ஃப்ளாப்பியில் வரும், மெயில் இணைப்பில் வரும், நாம் திறந்தால்தான் உள்ளே வரும் என்று நினைத்திருந்தேன். டயல்-அப்பில் இணையும் ஒவ்வொரு முறையும் நெட் கம்பெனி நம் கம்ப்யூட்டருக்கு ஒரு பொது முகவரியைக் கொடுக்கிறது. உலகத்தில் எங்கிருந்தும் நேராக வந்து கதவைத் தட்டக்கூடிய முகவரி. இன்றைக்கு வீட்டு ரவுட்டர் திண்ணை மாதிரி நடுவில் நின்று வருகிறவரை மறித்துக்கொள்கிறது, அன்று திண்ணை கிடையாது, தெருவில் கால் வைத்தால் நேரே நடுக்கூடம். பிளாஸ்டர் புகுந்த ஒவ்வொரு கம்ப்யூட்டரும் இருபது இருபது முகவரியாக எடுத்து 135-ஆம் கதவை (கம்ப்யூட்டர்காரர்கள் போர்ட் என்பார்கள்) தட்டிக்கொண்டே போகும். மன்னார்குடியா மணிலாவா என்று அதற்குத் தெரியாது, வரிசையில் அடுத்த எண், அவ்வளவுதான்.

நம்முடையது மெதுவான லைன், பத்து நிமிடம்தான் இருக்கப்போகிறோம், நமக்கு என்ன வரும் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. அந்தப் புழுவின் மொத்த அளவு 6,176 பைட். அக்கா வீட்டு லைனில் அது இறங்கப் பத்து நொடிகூட வேண்டாம்.

சனிக்கிழமை

நண்பன் சொன்ன வரிசை நோட்டில் அப்படியே இருக்கிறது. லைனைப் பிடுங்கு. ஃபயர்வாலைப் போடு. சுத்தம் செய். பேட்ச் போடு. அப்புறம்தான் லைனைச் சொருக வேண்டும்.

வெளியிலிருந்து கதவைத் தட்டுவதைத் தடுக்கும் ஃபயர்வால் எக்ஸ்பியில் ஏற்கெனவே உள்ளேயே இருந்தது, அணைத்துவைத்தபடி. நெட்வொர்க் கனெக்ஷன்ஸில் நம் டயல்-அப் படத்தின் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு பக்கம். அங்கே ஒரே ஒரு டிக். அரை நிமிட வேலை. முதல் நாள் டயல் டோன் டிக்கை எடுக்கத் தெரிந்த எனக்கு, இந்த டிக்கைப் போட வேண்டும் என்று தோன்றவில்லை. பக்கத்திலேயே நெட்வொர்க்கிங் பக்கத்தில் ஃபைல், பிரிண்டர் பகிர்வுக்கான டிக்கையும் எடுத்தேன். ஒற்றைக் கம்ப்யூட்டர் வீட்டில் யாரோடு பகிரப்போகிறோம்?

பேட்சும் புழுவை நீக்கும் கருவியும் வாங்க ஹரித்ராநதிக் கரைப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கே எல்லாம் விண்டோஸ் 98. பிளாஸ்டருக்கு 98-ல் நுழைய வழி இல்லை, அதனால் அந்தக் கடை எந்தக் கவலையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கடைத் தம்பி விண்டோஸ்அப்டேட்.காம் என்று தட்டினான். திறக்கவில்லை. ஆகஸ்ட் 16 ஆனதும் புழு புகுந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து அந்த முகவரியைத் தாக்கும்படி எழுதப்பட்டிருந்ததால், மைக்ரோசாஃப்ட் முன்கூட்டியே அந்தப் பெயரையே எடுத்துவிட்டது. அன்று தேதி 16. உண்மையான அப்டேட் தளம் வேறு முகவரியில் ஓடியது, அங்கே போய் எடுத்தோம். பேட்ச் ஒரு ஃப்ளாப்பியில் அடங்கியது, நீக்கும் கருவிக்கு இன்னொன்று.

ஃப்ளாப்பி கையில் இருந்தால் அதன் மூலையில் ஒரு சின்னச் சதுரக் கட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதைத் தள்ளி ஓட்டை தெரியும்படி வைத்தால் எழுத முடியாது, படிக்க மட்டும்தான் முடியும். நோய் பிடித்த கம்ப்யூட்டரில் போடும் முன் இரண்டு ஃப்ளாப்பியிலும் அதைத் தள்ளிக்கொண்டேன். பிளாஸ்டர் ஃப்ளாப்பியில் ஏறாது என்று தெரிந்தும் செய்தேன், அந்த ஃப்ளாப்பி அடுத்து யார் வீட்டுக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

வீட்டில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பட்டியலில் எம்எஸ்பிளாஸ்ட்.எக்ஸ்இ உட்கார்ந்திருந்தது. சிஸ்டம்32 கோப்புறையிலும் அதே பெயர். கம்ப்யூட்டர் எழும்போதெல்லாம் கூடவே எழும்படி, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'விண்டோஸ் ஆட்டோ அப்டேட்' என்ற பெயரில் தன்னைப் பதிந்துவைத்திருந்தது. நல்ல பெயராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், பார்க்கிற யாரும் கை வைக்க மாட்டார்கள். அதை நிறுத்தி, கருவியை ஓட்டி, பேட்ச் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி ஒருமுறை கருவியை ஓட்டிப் பார்த்தேன். மதியம் இரண்டு மணிக்கு லைனைச் சொருகினேன். எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிடம், இருபது நிமிடம். அத்தானிடமிருந்து பதில் வந்திருந்தது. அக்கா அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள், அத்தைக்காக மூன்றாவது முறையும்.

இடையில் அந்த அறுபது நொடி ஜன்னல் வந்தால் நிறுத்த ஒரு வழி உண்டு. ஸ்டார்ட், ரன் போய் 'ஷட்டவுன்' என்று தட்டி, ஓர் இடம் விட்டு, சிறு கோடும் ஏ எழுத்தும் போட்டு என்டர். எண்ணிக்கை நின்றுவிடும். பேட்ச் இறக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பல பேரை அந்த வாரத்தில் இந்த ஒரு வரி காப்பாற்றியது. பெரியவள் அதை ஒரு காகிதத்தில் எழுதி மானிட்டர் மேல் ஒட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் திரும்பும் முன்

மற்ற கதவுகளையும் சாத்தினேன். இலவச ஆன்டிவைரஸ் ஏவிஜியை ஒரு பத்திரிகை சிடியிலிருந்து போட்டேன். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் லிமிடெட் அக்கவுண்ட். எதையும் புதிதாக நிறுவுவதற்கான அக்கவுண்டின் பாஸ்வேர்டை எழுதிக் கவரில் போட்டுப் பீரோவில் வைத்தேன். நெட் பேக்கின் பாஸ்வேர்டை முதல் வேலையாக மாற்றினேன். அட்டையில் அச்சடித்து வருவது கடைக்காரர் முதல் பலர் கையைத் தாண்டி வருகிறது. வேறு யாராவது நம் பெயரில் நுழைந்தால் கரைவது நம் 50 மணி நேரம். 'பாஸ்வேர்டை நினைவில் வை' என்ற டிக்கையும் எடுத்துவிட்டேன். டயல் செய்யும் ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டும், பரவாயில்லை.

செலவுக்கும் ஒரு பழக்கம் வேண்டியிருந்தது. டயல்-அப்பில் காசு இரண்டு பக்கமும் போகும், நெட் பேக்கில் மணி கரையும், போன் மீட்டரில் பல்ஸ் (கட்டணக் கணக்கு) ஓடும். அதனால் மெயிலை ஆஃப்லைனிலேயே எழுதி முடித்து அவுட்புக்ஸில் வைத்துவிட்டு, டயல் செய்து, அனுப்பி, வந்ததை வாங்கி, உடனே துண்டிக்க வேண்டும். நாலே நிமிடம். படிப்பதெல்லாம் துண்டித்த பிறகு. அக்கா கதவை அடைக்கும் மாதிரி அதைச் செய்தாள், இரண்டு மாத பில்லில் எந்த அதிர்ச்சியும் வரவில்லை.

ஆனால் அடுத்த வாரமே பெரியவளிடமிருந்து போன். "மாமா, 34 மெயில் வருது, முடியவே மாட்டேங்குது. அப்பாகிட்டேர்ந்தும் ஒண்ணு இருக்கு, இங்கிலீஷ்ல, கூட ஒரு ஃபைல். திறக்கட்டுமா?"

"தொடாதே. ஃபைல் பேரு எப்படி முடியுது, படி."

"டீடெய்ல்ஸ், புள்ளி, பி, ஐ, எஃப்."

ஆகஸ்ட் 18, 19-ல் கிளம்பிய சோபிக்-எஃப். ஒரு கம்ப்யூட்டரில் புகுந்ததும் அதில் கிடைக்கிற முகவரிகளை எல்லாம் பொறுக்கி, ஒருவர் பெயரில் இன்னொருவருக்கு அனுப்பும். அத்தான் முகவரியும் அக்கா முகவரியும் ஒன்றாக இருந்த யாரோ மூன்றாம் ஆளின் கம்ப்யூட்டரிலிருந்து அது வந்திருக்க வேண்டும். அனுப்புநர் இடத்தில் இருக்கும் பெயர் கடித உறையின் பின்பக்கத்தில் எழுதுவது மாதிரிதான், யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று அவளுக்கு அன்று சொன்னேன். உடனே புரிந்துகொண்டாள். "அப்பா எனக்கு இங்கிலீஷ்ல எழுதவே மாட்டார், அதான் கேட்டேன்" என்றாள். எந்த ஆன்டிவைரஸும் அன்றைக்கு அதைவிட நல்ல சோதனை செய்திருக்காது.

அதிலிருந்து இரண்டு ஏற்பாடு செய்துகொண்டோம். அத்தான் படம் அனுப்பினால் சப்ஜெக்ட்டில் வீட்டில் மட்டும் தெரிந்த ஒரு சொல்லைப் போடுவார். அது பசுவின் பெயர், அந்தப் பசு இப்போது இல்லை. அந்தச் சொல் இல்லாத எந்த இணைப்பையும் திறப்பதில்லை. இரண்டாவது, அவுட்லுக் எக்ஸ்பிரஸில் ஒரு விதி: 90 கேபிக்கு மேல் உள்ள மெயிலை சர்வரிலிருந்து இறக்காதே. சோபிக் மெயில் ஒவ்வொன்றும் சுமார் 100 கேபி. 34 மெயிலும் இறங்கினால் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் மீட்டர் ஓடும். அத்தான் படங்களைச் சின்னதாக்கி 60 கேபிக்குள் அனுப்பப் பழகிக்கொண்டார்.

இன்னொரு ஆபத்து டயல்-அப்புக்கே உரியது. இலவச கேம், இலவச படம் என்று சொல்லி இறங்கும் சில புரோகிராம்கள் சத்தமில்லாமல் இணைப்பை அறுத்துவிட்டு, மோடத்தை வைத்து ஏதோ ஒரு வெளிநாட்டு எண்ணுக்கு டயல் செய்யும். திரையில் நெட் ஓடிக்கொண்டிருக்கும், பில்லில் ஐஎஸ்டி ஓடும். ராத்திரியில் அத்தை தூக்கம் கெடக் கூடாது என்று நான் மோடம் ஸ்பீக்கரை மௌனமாக்கி வைத்திருந்தேன். இதைப் படித்ததும் போன் செய்து, சத்தத்தைத் திரும்ப வைக்கச் சொன்னேன். நடுவில் தானாக மறுபடி டயல் சத்தம் கேட்டால் அதுவே எச்சரிக்கை, உடனே ஹால் ஸ்விட்ச்சை மேலே தள்ளிவிடலாம். கூடவே எக்ஸ்சேஞ்சில் எஸ்டிடி, ஐஎஸ்டியை ரகசிய எண் போட்டுப் பூட்டும் வசதியையும் வாங்கினோம். போன் அத்தையின் பொறுப்பில் இருந்ததால் எண்ணையும் அவரிடமே கொடுத்தோம். வீட்டிலேயே கண்டிப்பான பூட்டு அதுதான்.

2004 ஆகஸ்ட்டில் எக்ஸ்பிக்கு இரண்டாவது சர்வீஸ் பேக் வந்தது. அதில்தான் ஃபயர்வால் முதல் முறையாகத் தானாகவே இயங்கும்படி வந்தது. முழுக் கோப்பு 266 எம்பி. அக்கா வீட்டு லைனில் கிட்டத்தட்ட 17 மணி நேரம். பத்திரிகையோடு வந்த சிடியைக் கூரியரில் அனுப்பினேன், பெரியவளே போட்டுக்கொண்டாள்.

பிஎஸ்என்எல் 2005 ஜனவரியில் டேட்டாஒன் பிராட்பேண்டைத் தொடங்கி, அக்கா தெருவுக்கு அது வந்தபோது மறுபடி போனேன். கம்பி பழையதுதான், அதே இரண்டு செம்புக் கம்பி. அதன் மேல்தான் ஏடிஎஸ்எல் என்ற அந்த பிராட்பேண்ட் ஓடப்போகிறது. பெரியவள் அப்போது கல்லூரியில் இருந்தாள். போன் வயரைச் சொருகுவதற்கு முன்னாலேயே புது ரவுட்டரைக் கம்ப்யூட்டரோடு சேர்த்து, கம்பெனி வைத்திருந்த பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டிருந்தாள். நான் ஹாலில் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு ரோசெட்டின் மூடியைக் கழற்றினேன். எறும்பு இல்லை. திருகைச் சுற்றி மட்டும் லேசாகப் பச்சை ஏறியிருந்தது. சின்னவனிடம் உப்புத்தாள் கேட்டேன்.